சத்தக்கார அம்மா

சத்தக்கார அம்மா என்ற பெயரை வைத்தது என் மனைவி. அவர் எனக்குப் போன் எடுத்தால் நான் ஹோலில் இருந்துகொண்டு காதோடு ஒட்டிப் பிடித்துத்தான் கதைப்பேன். குசினிக்குள் நிற்கிற மனைவி வெங்காயம் வெட்டுகிறதை நிறுத்தி, "உங்கட சத்தக்கார அம்மாவுக்கு நாளைக்குப் பத்து மணிக்கு டாக்ஸி வேணுமாம்" என்பாள். நான் ஸ்பீக்கர் போடுவதில்லை. அவருக்கு அது ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

அவர் இறந்து சில வருடங்களாகின்றன. அடக்கத்துக்கு வந்த எல்லோரும் மரியாதைக்காகக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். மண் விழுகிற சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. அவர் எழும்பி வந்து எங்களை ஏசாமல் விட்டது அதிசயம்.

முதல்நாள் நன்றாக நினைவிருக்கிறது. பிராங்பேர்ட்டின் நோர்ட்எண்ட் பக்கம் ஒரு பழைய மாடிவீட்டு வாசலில் நின்றார். ஆள் சின்ன உருவம். கட்டையாக வெட்டிய நரைமுடி, சிவப்புக் கோட்டு. நான் பின் கதவைத் திறந்து பிடித்தேன். அதைப் பார்க்காதவர் மாதிரி முன் கதவைத் தானே திறந்து ஏறி, பெல்ட்டைப் போட்டு, போக வேண்டிய இடத்தைச் சொன்னார். முன் கண்ணாடி அதிர்ந்திருக்கும்.

"அம்மா, எனக்குக் காது நல்லாக் கேக்கும்" என்றேன்.

"எனக்கும் நல்லாக் கேக்கும். இது என்ர குரல். இதைவிடச் சின்னன் என்னட்டை இல்லை."

நாங்கள் பேசியது ஜெர்மன். இங்கே எழுதுவது என்னுடைய தமிழில். அவர் தமிழச்சியாகப் பிறந்திருந்தால் எங்கள் வடமராட்சித் தமிழில்தான் இப்படிப் பேசியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்று தொடங்கி ஒவ்வொரு புதன்கிழமையும் நான்தான் அவருடைய சாரதி. நகரத்தில் வயதுபோன யூதர்கள் கூடுகிற ஒரு இடம் இருந்தது. கோப்பி, கேக், சீட்டாட்டம், பழைய பாட்டு, புதுச் சண்டை. வாசலில் எப்போதும் காவலுக்கு ஒரு பொலிஸ் கார் நிற்கும். அந்தக் காரைக் கடக்கும்போது வேறு ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். இவர் கண்ணாடியில் தட்டி, "இண்டைக்கு ஆப்பிள் கேக். உங்களுக்கும் எடுத்துவரட்டோ?" என்று கேட்பார். தெருவின் மற்றப் பக்கத்தில் நாய் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அங்கே வருகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். புருசன்மார் முந்திப் போய்விட்டார்கள். ஒருவர் புடாபெஸ்டில் பிறந்தவர், இன்னொருவர் கீவிலிருந்து வந்தவர். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு உச்சரிப்பு, எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பிடிவாதம். பிள்ளைகள் டெல் அவிவிலும் டொராண்டோவிலும் இருந்தார்கள். எங்கள் ஆட்களின் பிள்ளைகளும் டொராண்டோவில்தான் என்று நான் சொன்னபோது, "அந்த ஊர் தாய்மாரிட்டையிருந்து பிள்ளையளைக் களவெடுக்கிற ஊர்" என்றார் புடாபெஸ்ட் அம்மா. காத்திருக்கிற நேரத்துக்கு என்னையும் உள்ளே கூப்பிட்டு இருத்திவிடுவார்கள். அதனால்தான் அந்தச் சம்பவத்தை நானே கண்ணால் பார்த்தேன்.

ஒருநாள் யாரோ முக்கியமான ஆட்கள் பூங்கொத்தோடு வந்தார்கள். கறுப்பு உடுப்பு. வந்தவர்களில் மூத்தவர் கைகளைக் கோத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். செத்தவீட்டில் பேசுகிற குரல் இருக்கிறதே, அந்தக் குரல். "நீங்கள் பட்ட துயரத்தின் முன்னால் நாங்கள் தலைகுனிந்து..." என்று போய்க்கொண்டிருந்தது. அறையில் எல்லோரும் மரியாதையாகத் தட்டில் கரண்டியை வைத்துவிட்டார்கள். சத்தக்கார அம்மா மட்டும் கேக்கைச் சாப்பிட்டு முடித்தார்.

"ஐயா, ஆராவது செத்துப்போச்சினமோ?"

அவர் திடுக்கிட்டு, "இல்லையே" என்றார்.

"அப்ப ஏன் இந்தக் குரல்? நாங்கள் உயிரோட இருக்கிறம். அந்த அம்மா சீட்டாட்டத்தில களவு செய்யிறா, அதை முதலில விசாரியுங்கோ."

கீவ் அம்மா தன் சீட்டுகளை மடிக்குள் ஒளித்தார். அறை முழுக்கச் சிரிப்பு. கறுப்பு உடுப்புக்காரர் முதலில் சிவந்தார், பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு இருந்து கேக் சாப்பிட்டார். போகும்போது அவர் பேசிய குரல் சாதாரண மனிதக் குரல்.

வேலை செய்த காலத்தில் அவர் நீச்சல் பழக்குகிறவர். மாநகராட்சிக் குளத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு நீந்தப் பழக்கினார். வேலைக்குச் சேர்ந்த அன்று கழுத்தில் மாட்ட ஒரு விசில் கொடுத்தார்களாம். அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அவர் சிறுமியாக இருந்தபோது நாட்டில் எந்தக் குளத்துக்குள்ளும் யூதர்கள் கால் வைக்கக்கூடாது. "அதுக்குப் பிறகு பாத்தீங்களோ, இந்த ஊரில அரைவாசிப் பேர் நான் கத்தினபடியாத்தான் தாழாமல் மிதக்கினம்" என்பார். அது பெருமைக்குச் சொன்ன கதை இல்லை. டாக்ஸியை நிறுத்திவிட்டு அவருக்குக் கை கொடுத்து நடத்திப் போகும்போது, வழுக்கை விழுந்த பெரிய மனிதர்கள் தெருவைக் கடந்து வந்து, "டீச்சர், என்னைத் தெரியுதோ?" என்று கேட்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். "முகம் தெரியேல்லை. நீந்திக் காட்டும், சொல்லுறன்" என்பார்.

அவருடைய புருசன் போலந்திலிருந்து தனியாகத் தப்பி வந்த மனிதர். தோல் பை கடை வைத்திருந்தவர். வீட்டில் அதிகம் பேசமாட்டாராம். கடைசிக் காலத்தில் அவருக்குக் காது கேட்காமல் போனதற்கு அம்மாதான் காரணம் என்று மகள் பகிடி பண்ணுவாளாம்.

கண் டொக்டரிடம் போன நாளையும் சொல்ல வேண்டும். அவருக்கு டெர்மின், அதாவது டொக்டரைப் பார்க்கிற நேரம், குறித்திருந்தது. கண்ணுக்கு மருந்து விட்டால் பார்வை மங்கும் என்பதால் என்னைக் கூடவே வரச் சொன்னார். வரவேற்பில் இருந்த பெண் என்னைப் பார்த்தாள். கையால் சைகை காட்டி, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக, "நீ... வெளிய... நிக்கிறது" என்றாள். எனக்கு இது பழக்கம். நான் இந்த நாட்டில் வாழ்ந்த காலம் அவளுடைய வயதைவிடக் கூடுதல். இருந்தாலும் பழகிவிட்டது, திரும்பி நடந்தேன்.

"நில்லுங்கோ!" என்று பின்னால் குரல். காத்திருந்த நோயாளிகள் எல்லோரும் சஞ்சிகைகளிலிருந்து தலையை எடுத்தார்கள். சத்தக்கார அம்மா மேசையில் கை ஊன்றி நின்றார்.

"பிள்ளை, உமக்கு ஜெர்மன் தெரியுமோ?"

அந்தப் பெண் விழித்தாள். "ஓம்... நான் ஜெர்மன்காரிதானே."

"அப்ப ஏன் அரைகுறையாக் கதைக்கிறீர்? இவருக்கு ஜெர்மன் நல்லாத் தெரியும். இவரோட முழு வசனத்தில கதையும். எழுவாய், பயனிலை எல்லாம் போட்டு."

அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள், முழு வசனத்தில். நான் உள்ளே போய் இருந்தேன். எனக்குச் சங்கடமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. காரில் ஏறியதும், "உங்களுக்கு வெக்கமாப் போச்சோ?" என்று கேட்டார். கொஞ்சம் என்றேன். "பரவாயில்லை. அது கெதியாப் பழகிடும்."

அந்தக் குரலோடு திரிவது எப்போதும் சுகமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். நான் ஷோனெஃபெல்ட்டில் வந்து இறங்கிய தலைமுறை. ஜெர்மனி இரண்டாக இருந்த காலத்தில் கிழக்குப் பக்கம் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் வந்தவர்கள். எங்களுக்கு முதலில் சொல்லித்தந்த பாடம், வெளியில் மெல்லக் கதையுங்கோ, ஆரும் பாக்கக்கூடாது என்பதுதான். அகதி முகாமில் நாங்கள் சிரித்ததுகூட மெதுவாகத்தான். இன்றைக்கும் எஸ்-பான் என்கிற நகர ரயிலில் தமிழ் ஆட்களைக் கண்டால், பக்கத்தில் வந்துதான் "எப்பிடிச் சுகம்?" என்று கேட்போம்.

அப்படிப்பட்ட எனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, டாக்ஸி திருத்தத்துக்குப் போன ஒருநாள் எஸ்-பானில் இவர் யூதர்களின் பஸ்கா பண்டிகைக்கு என்ன சமைக்கப்போகிறார் என்று முழுப் பெட்டிக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எதிரில் இருந்த ஒருவன் பல்லுக்குள் ஏதோ சொன்னான். நல்ல வார்த்தை இல்லை என்பது அவன் வாய் கோணியதிலேயே தெரிந்தது. நான் கதவுக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்தேன்.

"எனக்கோ சொன்னீங்கள்?" என்று கேட்டார் இவர். குரலில் கோபமே இல்லை. கடைக்காரரிடம் தக்காளி விலை கேட்கிற மாதிரி. அவன் ஜன்னலைப் பார்த்தான். "இல்லை, எனக்கெண்டால் நான் பதில் சொல்லவேணும். அதுதான் கேக்கிறன்." பெட்டி முழுக்க அவனைப் பார்த்தது. அடுத்த ஸ்டேசனில் அவன் இறங்கிப் போனான். அது அவன் இறங்க வேண்டிய ஸ்டேசன் இல்லை என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

"நீங்கள் பயப்பிடுறேல்லையோ?" என்று கேட்டேன்.

"பயப்பிட்டு முடிச்சிட்டன். சின்ன வயசில."

அந்தக் கதையை அவர் எனக்குச் சொன்னது வேறொரு நாள். கண்காட்சி மண்டபத்துக்குப் பக்கத்தில் வாகனங்கள் நகராமல் மாட்டிக்கொண்டு நின்றோம். மழை. நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே தொடங்கினார்.

பிராங்பேர்ட்டிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில் ஆற்றங்கரையில் ஒரு சிறு நகரம். அங்கே அவருடைய அப்பாவுக்குத் தொப்பிக் கடை. கீழே கடை, மேலே வீடு. நிலைமை மோசமானபோது அம்மா இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஹொலண்டுக்குப் போனார். அப்பாவுடைய தாய் படுக்கையில் கிடந்தபடியால் அப்பா நின்றுவிட்டார். பிறகு வருவதாகச் சொல்லி நின்றவர். அவரையும் தாயையும் அந்த ஊரிலிருந்தே கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

ஹொலண்டையும் ஜெர்மன் படை பிடித்துக்கொண்ட பிறகு, ஒரு விவசாயி இவர்கள் மூவரையும் தன் வைக்கோல் பரணில் ஒளித்து வைத்தார். சத்தக்கார அம்மாவுக்கு அப்போது நாலு வயது. அக்காவுக்குப் பத்து. பரணில் ஒரே சட்டம், சத்தம் கூடாது. தும்மக்கூடாது, அழக்கூடாது, சிரிக்கக்கூடாது. பகலில் பேச வேண்டியிருந்தால் காதுக்குள் மூச்சால் பேச வேண்டும். இரண்டு வருடத்துக்கும் மேல்.

"ஒருநாள் கீழ ஆமிக்காரர் வந்து நிக்கிறாங்கள். எனக்கு இருமல். அக்கா என்ர வாயைப் பொத்தினவள். மூக்கையும் சேத்துத்தான். அம்மா அவளுக்குச் சொல்லிவைச்சிருந்தவ, சத்தம் வந்தால் பொத்து, அவங்கள் போகும்வரைக்கும் எடுக்காத எண்டு. நான் கடிச்சன். ரத்தம் வாய்க்குள்ள வந்தது. அவள் கையை எடுக்கேல்லை. பிறகு எனக்கு ஒண்டும் தெரியேல்லை. கண் முழிச்சுப் பாக்கேக்க அவங்கள் போயிட்டாங்கள்."

வைப்பர் அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தது.

"யுத்தம் முடிஞ்ச அண்டைக்குப் பரணால இறங்கி வயலுக்குள்ள ஓடினன். ஓடி நிண்டு கத்தினன். என்ர குரல் இதுதான் எண்டு அண்டைக்குத்தான் எனக்கே தெரிஞ்சது. பிறகு நான் குறைக்கேல்லை."

"அக்கா?"

"அக்கா இன்னும் பரணிலதான் இருக்கிறாள்" என்றார். "அம்ஸ்டர்டாமில வீடு, ரெண்டு மகன்மார், பேரப்பிள்ளையள் எல்லாம் இருக்கினம். ஆனால் இன்னும் காதுக்குள்ளதான் கதைப்பாள். பிள்ளையளுக்கு இதுகளை ஒண்டும் சொல்லேல்லை. நான் பெரிய வாயாம். எங்கட சங்கதியை ஊருக்கெல்லாம் விக்கிறனாம்."

சிக்னல் மாறியது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அப்போது அவர் என்னைப் பார்த்து, "உங்களுக்குக் கூடப்பிறந்தவை இருக்கினமோ?" என்று கேட்டார்.

"ஒரு அண்ணை. காணாமல் போயிட்டார்."

இந்த வசனத்தை நான் ஜெர்மனில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். சொன்னால் ஆட்கள் தலையை ஆட்டுவார்கள், அதோடு கதை முடிந்துவிடும். எனக்கும் அது வசதி.

"எங்க போனவர்?"

"போகேல்லை. சுற்றிவளைப்பில வீட்டிலயிருந்து கொண்டுபோனவங்கள். அம்மா பாத்துக்கொண்டு நிண்டவ."

"ஆர் கொண்டுபோனது?"

"ஆமி."

"அப்ப ஏன் காணாமல் போனவர் எண்டு சொல்லுறீங்கள்? குடைதான் காணாமல் போறது. பையில கிடக்கிற திறப்புத்தான் காணாமல் போறது. உங்கட அண்ணையைக் கொண்டுபோனவங்கள். அப்பிடிச் சொல்லுங்கோ."

நான் காரைப் பெற்றோல் நிலையத்துக்குள் திருப்பி நிறுத்தினேன். அழுதேன் என்று சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவர் இறங்கிப்போய் இரண்டு கோப்பி வாங்கிக்கொண்டு வந்தார்.

எங்கள் ஊர்ப் பக்கம் தெருவோரக் கொட்டகையில் பிள்ளைகளின் படங்களோடு இருக்கிற தாய்மாரும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காணாமல் போனோர் என்று எழுதாதீர்கள், காணாமல் ஆக்கப்பட்டோர் என்று எழுதுங்கள் என்று. அதை நான் போனில் எத்தனையோ தரம் பார்த்திருந்தேன். ஏதோ அரசியல் பேச்சு என்று தள்ளிவிட்டுப் போயிருந்தேன். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது என் இரண்டு பிள்ளைகளுக்கும் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னேன். முழு வசனத்தில். மகள் சாப்பிடுகிறதை நிறுத்திவிட்டு, "ஏன் அப்பா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டாள். மனைவி அவளுடைய தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

இதற்குப் பிறகுதான் தகடு விவகாரம் வந்தது.

தொப்பிக் கடை இருந்த வீட்டுச் சுவரில் நினைவுத் தகடு ஒன்று பதிக்க அந்தச் சிறு நகரம் முடிவு செய்திருந்தது. என்ன எழுதப்போகிறார்கள் என்று இவரிடமும் காட்டினார்கள். இவர் காரில் இருந்து எனக்கு வாசித்தார். இந்த வீட்டில் இன்னாருடைய குடும்பம் தொப்பிக் கடை நடத்தியது. யுத்தக் காலத்தில் குடும்பத்தினர் ஊரை விட்டுச் சென்றனர். அவ்வளவுதான்.

"நாளைக்கு அங்க போறம்" என்றார்.

நகரசபையில் மேயர் எங்களை நன்றாகத்தான் வரவேற்றார். நாற்பது வயது மதிக்கத்தக்க மனிதர், நல்லவர், பயந்தவர். கதிரை தந்தார், தண்ணீர் தந்தார். தகடு சின்னது, அதிகம் எழுத இடமில்லை என்றார்.

"அப்ப பெரிய தகடாப் போடுங்கோ. சுவர் பெரிசுதானே."

"அதோட... இப்ப அந்த வீதியில இருக்கிற சனம் ஒரு பிழையும் செய்யாத சனம். அவையின்ர மனமும் நோகக்கூடாது."

"நான் அவையை ஒண்டும் சொல்லேல்லை. ஒரு வினைச்சொல்லைப் பற்றித்தான் கேக்கிறன். ஊரை விட்டுச் சென்றனர் எண்டு போட்டிருக்கு. எங்கட அப்பா பெட்டி கட்டினவரோ?"

மேயர் தன் பேனையை மூடித் திறந்தார்.

"டிக்கெட் எடுத்தவரோ? அப்பம்மாவுக்கு எழும்பி நடக்க ஏலாது. அவ எப்பிடிச் சென்றவ?"

கதவுக்கு வெளியே நடந்துபோன காலடிச் சத்தங்கள் நின்றுவிட்டன. நகரசபை முழுக்க அந்தக் குரல் கேட்டிருக்கும். மேயர் கடதாசியை எடுத்துத் தனக்குள் வாசித்தார். பேனையால் ஒரு சொல்லை வெட்டினார். பிறகு, "என்ன எழுதவேணும்?" என்று கேட்டார்.

"கொண்டுசெல்லப்பட்டனர். அதோட இன்னொரு சொல்லு. பகலில். அப்பாவையும் அப்பம்மாவையும் பகலில, பிரதான வீதியால, சனம் பாத்துக்கொண்டு நிக்கத்தான் கொண்டுபோனது. அம்மா பிறகு வந்து விசாரிச்சவ. ஆரும் தெரியாது எண்டு சொல்லக்கூடாது."

மேயர் அதையும் எழுதினார். வாசல்வரை வந்து எங்களை வழியனுப்பினார். திரும்பும் வழியில் சத்தக்கார அம்மா அக்காவுக்குப் போன் எடுத்தார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். அக்காவின் குரலைக் கேட்க நான் ரேடியோவை நிறுத்தி, ஜன்னலை மூடி, மூச்சையும் பிடிக்க வேண்டியிருந்தது.

"எனக்குச் சனத்துக்கு முன்னால நிக்க ஏலாது" என்றது அந்தக் குரல்.

"நிக்காத. இரு. கதிரை தருவினம்."

"அங்க போய் என்ன செய்யிறது? ஆரைப் பாக்கிறது?"

"எனக்கு அந்த வீட்டில ஒண்டும் நினைவில்லை" என்றார் சத்தக்கார அம்மா. "நான் அங்கயிருந்து வரேக்க தொட்டில் பிள்ளை. நீதான் இருந்தனீ. நீ வராட்டில் நான் வெறும் சுவரைத்தான் பாத்துக்கொண்டு நிப்பன்."

லைன் அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு, "எந்த ரயிலில வாறது?" என்று கேட்டது.

அம்ஸ்டர்டாம் ரயிலிலிருந்து அக்காவை இறக்கிக் கூட்டிவந்தது நான்தான். தங்கையைவிட உயரம். சாம்பல் நிற உடுப்பு. கை கொடுத்தபோது உள்ளங்கையில், பெருவிரலுக்குக் கீழே, பிறைபோல ஒரு தழும்பு தட்டுப்பட்டது. நான் பார்க்காதவன்போல் பெட்டியைத் தூக்கினேன். சகோதரிகள் கட்டிப்பிடித்தார்கள். தங்கை கத்தினார், அக்கா உதட்டை அசைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தகடு திறப்பு. தொப்பிக் கடை இருந்த இடத்தில் இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை. ஐம்பது, அறுபது பேர் வீதியில் நின்றார்கள். சகோதரிகள் இருவருக்கும் கதிரை போட்டிருந்தார்கள். மேயர் துணியை விலக்கினார். பகலில் என்ற சொல் வெயிலில் பளபளத்தது. பிறகு சத்தக்கார அம்மாவைப் பேசக் கூப்பிட்டார்கள். முழங்கால் வலியால் அவருக்கு அதிகம் நிற்க முடியாது. ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். மைக் நீட்டினார்கள், வேண்டாம் என்று தள்ளினார்.

அப்பாவைப் பற்றித் தொடங்கினார். தலையைக் கண்ணால் பார்த்தே தொப்பி அளவு சொல்லிவிடுவாராம். இரண்டு நிமிடம்கூடப் பேசியிருக்கமாட்டார். மேல்மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. ஒரு மனிதர் தலையை நீட்டினார்.

"ஞாயிற்றுக்கிழமை! மத்தியானம்! சத்தத்தைக் குறையுங்கோ!"

வீதி முழுக்க மேலே பார்த்தது. நான் சத்தக்கார அம்மாவைப் பார்த்தேன். என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது. அவர் மூச்சை உள்ளே இழுத்ததை உணர்ந்தேன். இனி நடக்கப்போவதை நினைத்து நான் கண்ணை மூடாத குறை.

அதற்குள் அக்கா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். யாரையும் பார்க்காமல் நடந்து ஜன்னலுக்கு நேர் கீழே போய் நின்றார். மேலே பார்த்து ஏதோ சொன்னார்.

"என்ன?" என்றார் மேலே நின்றவர்.

அக்கா திரும்பவும் சொன்னார். நான் பத்தடி தூரத்தில் நின்றும் எனக்குக் கேட்கவில்லை.

அந்த மனிதர் பாதி உடம்பை வெளியே நீட்டி, காதுக்குக் கை வைத்தார். "என்ன சொல்லுறீங்கள்? விளங்கேல்லை!"

அக்கா மூன்றாம் முறையும் அதே குரலில் சொன்னார். குரலைக் கூட்டவும் இல்லை, அவ்விடம் விட்டு அசையவும் இல்லை. ஜன்னல் வெறுமையானது. படிகளில் செருப்புச் சத்தம். கதவைத் திறந்துகொண்டு அந்த மனிதர் வீதிக்கு வந்தார். சமையல் ஏப்ரன் கட்டியிருந்தார், கையில் மா ஒட்டியிருந்தது. அக்காவுக்குக் கிட்ட வந்து குனிந்தார்.

"நீங்கள் இப்ப நிண்ட அறையிலதான் நான் பிறந்தனான்" என்றாராம் அக்கா. அதை அந்த மனிதர் பிறகு எங்களுக்குச் சொன்னார்.

அந்த மனிதர் சுவரில் இருந்த தகட்டைத் திரும்பிப் பார்த்தார். அதை வாசித்தார். ஏப்ரனை அவிழ்த்துச் சுருட்டிக் கக்கத்துக்குள் வைத்தார்.

"நான் வாடகைக்கு இருக்கிறன்" என்றார். "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை." பிறகு, "மேல வந்து பாக்கப்போறீங்களோ?" என்று கேட்டார்.

அக்கா தங்கையைத் திரும்பிப் பார்த்தார். "போ!" என்றார் சத்தக்கார அம்மா. "எனக்குப் படி ஏற ஏலாது. நீ போய்ப் பாத்துச் சொல்லு." பிறகு என் பக்கம் திரும்பி, "எத்தினை வருசமாக் கத்துறன், ஒருத்தனையும் கீழ இறக்கினதில்லை" என்றார். எல்லோருக்கும் கேட்டது. சிலர் சிரித்தார்கள், மேயரும் சிரித்தார். சத்தக்கார அம்மா மட்டும் சிரிக்காமல் கதிரையில் இருந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். கூட்டம் கலையவில்லை. சொல்லிவைத்த மாதிரி எல்லோரும் தலையை உயர்த்திக் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் அந்தச் சாம்பல் உடுப்புத் தெரிந்தது. அக்கா ஜன்னல் கட்டையைத் தடவினார். எட்டிப் பார்த்தார். உதடு அசைந்தது.

"கேக்கேல்லை!" என்று கீழேயிருந்து தங்கை கத்தினார். "என்ன தெரியுது?"

உதடு மறுபடி அசைந்தது.

"கேக்கேல்லை எண்டுறன்! பலத்துச் சொல்லு!"

அக்கா வீதியில் நின்ற சனத்தைப் பார்த்தார். பிறகு தூரத்தில் எதையோ பார்த்தார். இரண்டு கையாலும் ஜன்னல் கட்டையைப் பிடித்தார். அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது கீழே நின்ற எனக்கே தெரிந்தது.

"ஆறு தெரியுது!"

கரகரத்து, பாதியில் உடைந்து வந்தது அந்தக் குரல். அவருக்கே அது புதிதாக இருந்திருக்க வேண்டும். ஒரு கணம் வாயைப் பொத்தினார். உடனே கையை எடுத்துவிட்டார்.

"பாலம் தெரியுது! அப்பா என்னைத் தூக்கிக் காட்டுற மணிக்கூண்டு தெரியுது! எல்லாம் அப்பிடியே இருக்கு! நீ பிறந்த அண்டைக்கு அப்பா இந்த ஜன்னலால எட்டி வீதிக்கெல்லாம் கத்திச் சொன்னவர்! பொம்பிளைப் பிள்ளை எண்டு! எல்லாருக்கும் கேக்கக் கத்தினவர்!"

மா ஒட்டிய கையோடு அந்த மனிதர் அக்காவுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

சத்தக்கார அம்மாவின் முகம் முழுக்க நனைந்திருந்தது. துடைக்கவில்லை. என் கையைப் பிடித்து உலுக்கினார்.

"கேட்டீங்களோ?" என்றார், பாலம்வரைக்கும் கேட்கிற குரலில். "என்ர அக்கா!"